4294967295: இந்த எண் ஏன் இத்தனை அழகாக உடைகிறது?

எபென்_கதிர்

எல்லாருக்கும் வணக்கம். மொரீஷியஸின் எபென் சைபர் சிட்டியில் நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். ஆப்பிரிக்கக் கண்டத்துக்கே ஐபி முகவரிகளைப் பங்கிட்டுத் தரும் ஆஃப்ரினிக்கின் தலைமையகம் இருப்பதும் இதே எபெனில்தான். அதனால் 255.255.255.255 என்ற முகவரி எங்கள் வட்டாரத்தில் எல்லாருக்கும் பழக்கம். நான்கு துண்டுகளையும் சேர்த்து ஒரே எண்ணாக எழுதினால் அது 4294967295. நம் கணக்கில் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295. இரும எண்ணாக எழுதினால் வெறும் 32 ஒன்றுகள்.

அக்கா மகள் ஹெச்.எஸ்.சி படிக்கிறாள். "மாமா, இதைக் காரணிப்படுத்திப் பார்த்தீர்களா?" என்று கேட்டாள். பார்த்தோம்:

4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537

ஐந்தும் பகா எண்கள். ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்தால் 2, 4, 16, 256, 65536. ஒன்றை வர்க்கப்படுத்தினால் அடுத்தது. எந்தக் காரணியும் இரண்டு முறை வரவில்லை. பத்து இலக்க எண் ஒன்று இவ்வளவு ஒழுங்காக உடைவது தற்செயலாக இருக்க முடியாது என்று மனசு சொல்கிறது. காரணம் தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள், அவளுக்கும் காட்ட வேண்டும்.

ரோஸ்ஹில்_வாத்தியார்

தம்பி, உங்கள் அக்கா மகளுக்கு என் ஆசிகள். நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறாள்.

இதில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்றுக்கு எட்டாம் வகுப்பு இயற்கணிதம் போதும். மற்றதற்கு இன்றுவரை முழு விடை கிடையாது. முதலில் எளியது. ஒரு வர்க்கத்திலிருந்து 1 போனால் (அ − 1)(அ + 1) என்று பிரியும் அல்லவா? 2³² என்பது 2¹⁶-இன் வர்க்கம். ஆகவே:

2³² − 1 = (2¹⁶ − 1)(2¹⁶ + 1)
2¹⁶ − 1 = (2⁸ − 1)(2⁸ + 1)
2⁸ − 1 = (2⁴ − 1)(2⁴ + 1)
2⁴ − 1 = (2² − 1)(2² + 1)
2² − 1 = 1 × 3

வலப்பக்கத்துக் கூட்டல் துண்டுகளை மட்டும் பொறுக்கி எடுங்கள்: 65537, 257, 17, 5, 3. 32 என்பது 2-இன் அடுக்கு என்பதால் இந்த உடைப்பு இடையில் எங்கும் தடைப்படாமல் கடைசிவரை ஓடுகிறது. 2³¹ − 1 எடுத்தீர்களானால் இந்த வழி முதல் படியிலேயே நின்றுவிடும். அது 2147483647, உடையவே உடையாத பகா எண். 1772-இல் ஆய்லர் நிறுவினார்.

காரணி இரட்டிப்பாக வராததற்கும் இதே சமன்பாடுதான் காரணம். இந்த வரிசையில் எந்த எண்ணை எடுத்தாலும் அதற்கு முந்தைய எல்லாவற்றின் பெருக்கலோடு 2 கூட்டியதாகத்தான் இருக்கும். 3 × 5 × 17 + 2 = 257, பாருங்கள். அப்படியானால் இரண்டுக்குப் பொதுக் காரணி ஒன்று இருந்தால் அது 2-ஐயும் வகுக்க வேண்டும். எல்லாம் ஒற்றைப்படை எண்கள், எனவே வகுக்காது. 1730-இல் கோல்ட்பாக் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் இந்த வாதம் இருக்கிறது. பகா எண்கள் முடிவில்லாதவை என்பதற்கு இது தனியாக ஒரு நிரூபணமும் ஆகும். முடிவில்லாத இந்த வரிசையில் ஒவ்வொரு எண்ணுக்கும் வேறு எதனோடும் பங்கிடாத ஒரு பகாக் காரணி இருந்தே தீர வேண்டுமே.

இப்போது கடினமானது. துண்டுகளாக உடைவதற்குக் காரணம் சொல்லிவிட்டேன். அந்த ஐந்து துண்டுகளும் பகா எண்களாக ஏன் அமைந்தன என்பதற்கு இப்படி ஒரு காரணம் கிடையாது.

மொக்கா_மீனா

வாத்தியாருக்கு வணக்கம். நான் ரெதுயி பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கிறேன். நீங்கள் நிறுத்திய இடத்திலிருந்து தொடர்கிறேன்.

3, 5, 17, 257, 65537 ஆகியவைதான் ஃபெர்மா எண்களின் முதல் ஐந்து. 1640-களில் ஃபெர்மா இந்த வரிசை முழுவதுமே பகா எண்கள் என்று நம்பிக் கடிதங்களில் எழுதினார். அடுத்தது 2³² + 1, அதாவது நம் எண்ணோடு இரண்டு கூட்டிய 4294967297. கிட்டத்தட்ட நூறு ஆண்டு யாரும் இதை உடைக்கவில்லை. 1732-இல் ஆய்லர் உடைத்தார்:

4294967297 = 641 × 6700417

இந்த எண்ணின் எந்தப் பகாக் காரணியும் 64-இன் மடங்கோடு ஒன்று கூட்டியதாகத்தான் இருக்க முடியும். அப்படிப்பட்ட பகா எண்களை வரிசையாக எழுதினால் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே விடை! அதிலும் 257 ஏற்கெனவே இந்த வரிசையில் ஓர் உறுப்பு, வாத்தியார் சொன்ன காரணத்தால் அதைச் சோதிக்கவே வேண்டாம். இது தெரிந்தபின் தாளும் பென்சிலும் போதும்.

641 வகுக்கும் என்பதைப் பெருக்கிப் பார்க்காமலே காட்டலாம். எனக்கு மிகவும் பிடித்த நிரூபணம் இது. 641-ஐ இரண்டு விதமாக எழுதுங்கள்:

641 = 5 × 2⁷ + 1
641 = 5⁴ + 2⁴

641-ஆல் வகுத்து மீதியை மட்டும் பார்க்கிறோம். முதல் வரிப்படி 5 × 2⁷ என்பது −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பது 1. இரண்டாம் வரிப்படி 5⁴ என்பது −2⁴. அதைப் பதிலிட்டால் −2³² என்பது 1. அவ்வளவுதான், 2³² + 1 மீதியில்லாமல் வகுபடுகிறது.

எனவே கதிர் அண்ணா, உங்கள் எண் இருப்பது சரியாக எல்லைக்கோட்டில். தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் அத்தனையும் ஒவ்வொரு முறை வந்து பெருக்கப்பட்டது 4294967295. அதற்கு அடுத்த படியில் ஒழுங்கு குலைகிறது.

வேலு_தாத்தா_போர்ட்_லூயிஸ்

பிள்ளைகளா, பெரிய கணிதம் எனக்குத் தெரியாது. ஆனால் சதுரங்கப் பலகையில் அரிசி வைக்கும் கதை சின்ன வயதிலிருந்து தெரியும். முதல் கட்டத்தில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, பிறகு நான்கு, எட்டு. அம்பலப்புழைக் கோயில் பால் பாயசத்தோடு சேர்த்துச் சொல்லும் கதை. 64 கட்டத்துக்கும் எவ்வளவு என்று என் அப்பா கேட்பார். இந்த எண்ணுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

ரோஸ்ஹில்_வாத்தியார்

உண்டு ஐயா, நேரான தொடர்பு. பலகையின் பாதி, அதாவது முதல் 32 கட்டங்களில் உள்ள அரிசியின் கூட்டுத்தொகைதான் 4294967295. ஒரு அரிசி 25 மில்லிகிராம் என்று வைத்தால் 107 டன் சொச்சம். ஒரு கிடங்கில் அடுக்கிவிடலாம். ராஜா அதுவரை கவலைப்பட்டிருக்க மாட்டார். 33-ஆம் கட்டத்தில் மட்டும் 4294967296, முதல் பாதி முழுவதையும்விட ஒன்று கூட.

பலகை முழுவதற்கும் 18446744073709551615. இது முதல் பாதியின் கூட்டுத்தொகையை மீனா சொன்ன 4294967297-ஆல் பெருக்கியது. ஆகவே அதன் காரணிகள் 3, 5, 17, 257, 641, 65537, 6700417. முதல் பாதியில் ஃபெர்மா பகா எண்கள் மட்டும். பலகை முழுமையானதும் 641 உள்ளே வந்துவிடுகிறது. எடை 46,000 கோடி டன்னுக்கு மேல் போகும்.

வேலு_தாத்தா_போர்ட்_லூயிஸ்

அருமை ஐயா. பேரனுக்குச் சொல்ல ஒரு நல்ல விஷயம் கிடைத்தது.

ரெயூனியன்_சிவா

கடலுக்கு அந்தப் பக்கம் சென் ஆந்த்ரேயிலிருந்து எழுதுகிறேன். இந்த எண்ணைப் பற்றிப் பேசும்போது வடிவகணிதத்தைத் தொடாமல் போகக்கூடாது.

அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு எந்தெந்த ஒழுங்குப் பலகோணங்களை வரையலாம் என்பது கிரேக்கர் காலத்துக் கேள்வி. முக்கோணம், ஐங்கோணம், இரண்டையும் சேர்த்து 15 பக்கம், பிறகு இவற்றை இரட்டிப்பது. இரண்டாயிரம் ஆண்டு அதற்கு மேல் நகரவில்லை. 1796-இல் 18 வயது காஸ் 17 பக்கப் பலகோணத்தை வரையலாம் என்று காட்டினார். 1801-இல் வெளியிட்ட நூலில் பொது விதி வந்தது: ஒற்றைப்படைப் பக்கங்கள் என்றால், அந்த எண் வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருந்தால் வரையலாம். வேறெதையும் வரைய முடியாது என்ற மறுபாதியை 1837-இல் வான்ட்செல் நிறுவினார்.

தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் ஐந்து. அவற்றிலிருந்து பொறுக்கிப் பெருக்க 31 வழிகள். ஆகவே ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட, வரையக்கூடிய பலகோணங்களில் நமக்குத் தெரிந்தவை 31. எல்லாவற்றிலும் பெரியதற்குப் பக்கங்கள் 4294967295! 31 பக்க எண்களும் இந்த ஒரே எண்ணின் வகுத்திகள், 1-ஐ மட்டும் விட்டுவிட வேண்டும்.

சேர்ப்பது எப்படி என்பதற்குச் சின்ன உதாரணம்: ஐங்கோணத்தின் மையக்கோணம் 72°, முக்கோணத்துக்கு 120°. 72°-ஐ இரண்டு முறை வைத்து 120°-ஐக் கழித்தால் 24°, அதுதான் 15 பக்கத்தின் மையக்கோணம். பொதுக் காரணி இல்லாத எந்த இரண்டுக்கும் இப்படி ஒரு கூட்டல் கழித்தல் இருக்கும். ஐந்து பலகோணங்களையும் இப்படி ஒன்றோடொன்று பிணைத்துக்கொண்டே போனால் கடைசியில் 4294967295.

257 பக்கத்தை ரிஷெலோ 1832-இல் செய்தார். 65537 பக்கத்துக்கு ஹெர்மஸ் என்ற ஜெர்மானியர் பத்தாண்டுக்கு மேல் உழைத்தார், 1894-இல் அதைப் பற்றி வெளியிட்டார். அவர் கையெழுத்துப் படி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஒரு பெட்டியில் இருக்கிறது. சிலர் இதை வீண் உழைப்பு என்று சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முடியும் என்று தெரிந்த ஒன்றைக் கடைசிவரை செய்து காட்டியவர் அவர்.

எபென்_கதிர்

சிவா அண்ணா, படித்ததும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பூமத்திய ரேகை 40,075 கிலோமீட்டர். அந்த வட்டத்துக்குள் 4294967295 பக்கப் பலகோணத்தை வைத்தால் ஒரு பக்கத்தின் நீளம் 9.3 மில்லிமீட்டர். ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை! பக்கத்தின் நடுப்புள்ளிக்கும் வட்டத்துக்கும் உள்ள இடைவெளி 1.7 பிக்கோமீட்டர். ஹைட்ரஜன் அணுவின் ஆரம் 53 பிக்கோமீட்டர். பூமி அளவு பெரிதாக வரைந்தாலும், வட்டத்திலிருந்து அது விலகும் தூரம் ஒரு அணு ஆரத்தின் முப்பதில் ஒரு பங்கு.

அக்கா மகளின் அடுத்த கேள்வி: ஆறாவது ஃபெர்மா பகா எண் கிடைத்தால் இந்தப் பட்டியல் நீளுமா?

ரோஸ்ஹில்_வாத்தியார்

நீளும். 31 என்பது 63 ஆகும், மிகப் பெரியது என்ற இடத்தை 4294967295 இழக்கும். ஆனால் ஃபெர்மா எண்களை 3-இலிருந்து தொடங்கி பூஜ்ஜியம், ஒன்று, இரண்டு என்று எண்ணிட்டால், 5 முதல் 32 வரை எல்லாமே பகு எண்கள் என்று தெரிந்துவிட்டது. 33-ஆவது என்ன என்பது தெரியாது. அதற்கு 258 கோடிக்கும் அதிகமான இலக்கங்கள். ஆறாவது ஒன்று இல்லவே இல்லை என்றும் யாரும் நிறுவவில்லை. 65537-தான் கடைசி என்று நான் நினைக்கிறேன், ஆனால் அது என் எண்ணம் மட்டுமே.

மொக்கா_மீனா

31 வகுத்திகள் என்றதும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாஸ்கல் முக்கோணத்தை எழுதுங்கள். ஒற்றைப்படை எண் வரும் இடத்தில் 1, இரட்டைப்படை வரும் இடத்தில் 0 போடுங்கள். ஒவ்வொரு வரிசையையும் இரும எண்ணாக வாசியுங்கள்:

1 → 1
11 → 3
101 → 5
1111 → 15
10001 → 17
110011 → 51
1010101 → 85
11111111 → 255
100000001 → 257

1-க்கு அடுத்து வருவதெல்லாம் சிவா அண்ணா சொன்ன, வரையக்கூடிய பலகோணங்கள்! 3, 5, 15, 17, 51, 85, 255, 257 என்று ஒன்றுகூட விடுபடாமல், ஏறுவரிசையில். மேல் வரிசையை பூஜ்ஜியமாவது என்று எண்ணினால் 31-ஆம் வரிசையில் 32 ஒன்றுகள், அதாவது 4294967295. பட்டியலும் அங்கேயே முடிகிறது. 32-ஆம் வரிசை இரண்டு ஓரத்தில் 1, நடுவில் முழுக்க 0. அதை வாசித்தால் 4294967297, ஆய்லர் உடைத்த எண்.

இதற்கு மந்திரம் எதுவும் இல்லை. ஒற்றை இரட்டை மட்டும் பார்க்கும்போது (1 + ய)-வின் வர்க்கம் 1 + ய² ஆகிறது, நடுவில் வரும் 2ய மறைந்துவிடும். மறுபடி வர்க்கம் எடுத்தால் 1 + ய⁴, பிறகு 1 + ய⁸. எனவே எந்த வரிசையும் இந்த வகைத் துண்டுகளின் பெருக்கல். எந்தெந்தத் துண்டு என்பதை வரிசை எண்ணின் இரும வடிவம் சொல்லும். 5 என்பது இருமத்தில் 101. ஆகவே 5-ஆம் வரிசை (1 + ய)(1 + ய⁴). ய இருக்கும் இடத்தில் 2 போட்டால் 3 × 17 = 51. 31 என்பது 11111, அதனால் ஐந்து துண்டுகளும் வந்து பெருக்கப்படுகின்றன.

முதல் முறை இது புரிந்த அன்று நூலகத்தில் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

ரெயூனியன்_சிவா

மீனா தங்கச்சி, 31 வரிசையையும் இப்போதே தாளில் போட்டுக்கொண்டிருக்கிறேன். லிசேயில் என் மாணவர்களுக்கு வெள்ளிக்கிழமை இதுதான் பாடம்.

எபென்_கதிர்

என் தொழில் பக்கத்திலிருந்தும் ஒன்று. கணினியில் சீரற்ற எண் உருவாக்க 32 பிட் ஷிஃப்ட் ரெஜிஸ்டர் முறைகள் உண்டு, பிட்களை இடம் நகர்த்திக் கலப்பவை. எல்லா பிட்டும் 0 என்ற நிலையிலிருந்து அவற்றால் வெளியே வர முடியாது. மிச்சமுள்ள நிலைகள் 4294967295. நல்ல முறை என்றால் அத்தனை நிலைகளையும் ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் தொடங்கிய இடத்துக்குத் திரும்ப வேண்டும். 2003-இல் மார்சாலியா வெளியிட்ட எக்ஸார்ஷிஃப்ட் அப்படிப்பட்டது. 13, 17, 5 என்று மூன்று நகர்த்தல்கள், முழுச் சுற்று.

சுற்று முழுமையானதா என்று சரிபார்க்க 429 கோடி படிகள் நடக்க வேண்டாம். அத்தனை படிகளுக்குப் பின் தொடங்கிய இடம் வருகிறதா என்று அடுக்குக் கணக்கால் ஒரே தாவலில் பார்க்கலாம். பிறகு ஐந்து பகாக் காரணிகளால் வகுத்த ஐந்து இடங்களில் முன்கூட்டியே திரும்பிவிடவில்லை என்று பார்த்தால் போதும். அந்த ஐந்து எண்களை இருமத்தில் எழுதினேன்:

1431655765: 01 என்பது திரும்பத் திரும்ப
858993459: 0011 திரும்பத் திரும்ப
252645135: 00001111 திரும்பத் திரும்ப
16711935: எட்டு 0, எட்டு 1, மறுபடி அதே
65535: பதினாறு 0, பதினாறு 1

பிட் எண்ணும் நிரல்களில் இவை எல்லாரும் பயன்படுத்தும் முகமூடி எண்கள், அதாவது வேண்டிய பிட்களை மட்டும் பிரித்தெடுப்பவை. இவை 4294967295-ஐ அதன் பகாக் காரணிகளால் வகுத்த ஈவுகள் என்று இன்றுதான் பார்க்கிறேன்.

நேரத்துக்கும் இது எல்லை. 1970 ஜனவரி 1-இலிருந்து நொடிகளை எண்ணும் 32 பிட் கடிகாரம், குறை எண்களுக்கு இடம் விடாமல் வைத்தால், 4294967295-ஐத் தொடுவது 2106 பிப்ரவரி 7 அன்று. நம் மொரீஷியஸ் நேரப்படி காலை 10 மணி 28 நிமிடம் 15 நொடி.

ரோஸ்ஹில்_வாத்தியார்

கதிர் தம்பி, முழுச் சுற்று முறைகள் எத்தனை என்று கேட்டால் ஆய்லரின் ஃபை சார்புக்கு வருவோம். ஒரு எண்ணுக்குள் அதனோடு சார்பகா எண்களாக, அதாவது 1 தவிர வேறு பொதுக் காரணி இல்லாதவையாக, உள்ளவை எத்தனை என்பதுதான் ஃபை. பகாக் காரணிகள் ஒவ்வொரு முறை மட்டும் வந்தால், ஒவ்வொன்றிலும் 1 கழித்துப் பெருக்கலாம்:

2 × 4 × 16 × 256 × 65536 = 2147483648 = 2³¹

காரணிகளில் ஒன்று போனதும் எல்லாம் 2-இன் அடுக்குகளாகிவிடுகின்றன. இப்போது பக்கத்து எண் 4294967296-ஐப் பாருங்கள். அது 2³². அதனோடு சார்பகா என்றால் ஒற்றைப்படை எண்கள், சரியாகப் பாதி, அதுவும் 2147483648. அடுத்தடுத்த இரண்டு எண்கள், ஒன்றுக்கு ஐந்து பகாக் காரணிகள், மற்றதற்கு 2 மட்டும், ஃபை ஒன்றே. 104-க்கும் 105-க்கும் ஃபை 48 என்பது போன்ற சோடிகள் உண்டு, ஆனால் இவ்வளவு தெளிவான காரணத்தோடு வருவது குறைவு. 3-4, 15-16, 255-256, 65535-65536 என்று இந்தச் சோடிகள் வளர்ந்து நம் எண்ணில் முடிகின்றன. 2⁶⁴-க்குப் போனால் 641 குறுக்கே வருகிறது.

கதிரின் முறைகளுக்குரிய, 32-ஆம் படியுள்ள முதன்மைப் பல்லுறுப்புக் கோவைகளின் (முழுச் சுற்றைத் தருபவை) எண்ணிக்கை இந்த ஃபை-யை 32-ஆல் வகுத்தது: 67108864. அதுவும் 2-இன் அடுக்கு.

ரெயூனியன்_சிவா

அப்படியானால் ஒரு கேள்வி. ஃபை-யை இரட்டித்தால் எண்ணோடு ஒன்று கூட்டியது வருகிறது. இந்தப் பண்பு 3, 15, 255, 65535, 4294967295 ஆகியவற்றுக்கு உண்டு. 1-ஐ விட்டுவிட்டால், தொடக்கத்திலிருந்து வரிசையாகப் பெருக்கிய ஃபெர்மா பகா எண்களுக்கு மட்டும்தானா இது?

மொக்கா_மீனா

இல்லை அண்ணா. 83623935-க்கும் உண்டு. அதன் காரணிகள் 3, 5, 17, 353, 929. கடைசி இரண்டும் ஃபெர்மா பகா எண்கள் அல்ல.

எபென்_கதிர்

சரிபார்த்தோம், நானும் அக்கா மகளும். 2 × 4 × 16 × 352 × 928 = 41811968. இரட்டித்தால் 83623936. ஒன்று கூட்டியதேதான்! 65535-க்கும் 4294967295-க்கும் நடுவில் இப்படி ஒன்று இருக்கும் என்று இருவரும் எதிர்பார்க்கவில்லை.

ரோஸ்ஹில்_வாத்தியார்

பொதுவாக இவ்வளவு சொல்லலாம். 1-ஐ விட்டுவிட்டால், இந்தப் பண்புள்ள எண் ஒற்றைப்படையாகத்தான் இருக்கும், எந்தப் பகா எண்ணும் அதில் இரண்டு முறை வராது. ஒரு பகா எண் இரண்டு முறை வந்தால் அது எண்ணையும் வகுக்கும், ஃபை-யையும் வகுக்கும். இரட்டித்த ஃபை-யிலிருந்து எண்ணைக் கழித்தால் 1. அப்படியானால் அந்தப் பகா எண் 1-ஐ வகுக்க வேண்டும், அது நடக்காது. அதற்கு மேல், 17 வரை ஒரே மாதிரி வந்துவிட்டு 257-க்கும் 65537-க்கும் பதிலாக 353-உம் 929-உம் எப்படிப் பொருந்தின என்று பார்க்கலாம். 255-ஐ இரண்டு பகா எண்களால் பெருக்கி, இந்தப் பண்பு வர வேண்டும் என்று சமன்பாடு எழுதுங்கள். சுருக்கினால், அந்த இரண்டிலிருந்தும் 256-ஐக் கழித்து வருபவற்றின் பெருக்கல் 65281 ஆக வேண்டும் என்று முடியும். 65281 = 97 × 673. 256-ஐத் திரும்பக் கூட்டினால் 353, 929. 1 × 65281 என்று எடுத்தால் 257, 65537. 65281-ஐ இரண்டாகப் பிரிக்க வேறு வழி இல்லை.